பிளாண்டியின் மூன்றாவது ஆல்பம்: பழைய பாப் எங்கே ஒளிந்திருக்கிறது?

தட்டுச்சேகரன் எழுதியது:

நியூயார்க்கில் பங்க் எனும் வேகமான, முரட்டு ராக் இசையை வாசித்த கூட்டத்திலிருந்து வந்த பிளாண்டி குழுவின் ‘பாரலல் லைன்ஸ்’ ஆல்பத்தைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும், பேச்சு நேராக ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாட்டுக்குப் போய், அங்கிருந்து டிஸ்கோ என்ற நடன இசைக்குத் தாவி, பங்க் விலைபோன கதையில் முடிந்துவிடுகிறது. அந்தக் கதையை நாம் பலமுறை கேட்டாகிவிட்டது. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. 1978 செப்டம்பரில் வெளிவந்த இந்த மூன்றாவது ஆல்பத்தில் 1960களின் பாப் இசை எந்த இடத்தில் இருக்கிறது?

முதல் இரண்டு ஆல்பங்களில் இதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டான ‘எக்ஸ் அஃபெண்டர்’, அந்தக் காலத்துப் பெண்கள் குழுக்களின் பாடல்களைப் போலவே, குழுவின் பாடகி டெபி ஹாரி பேசும் சில வரிகளோடு தொடங்குகிறது. இரண்டாவது ஆல்பத்தில் இருந்து இங்கிலாந்தில் இரண்டாம் இடம் வரை ஏறிய ‘டெனிஸ்’, 1963இல் ராண்டி அண்ட் தி ரெயின்போஸ் பாடிய பழைய பாட்டு. அங்கெல்லாம் பழைய பாப் மேல்சட்டையைப் போல வெளியிலேயே தெரிகிறது.

மூன்றாவது ஆல்பத்தில் அப்படி வெளிப்படையாகத் தெரிவது ஒரே ஒரு பாட்டுதான். அது 1950களின் ராக் பாடகர் பட்டி ஹாலியின் ‘ஐ’ம் கானா லவ் யூ டூ’. என் காதுக்கு அதுவே இந்தத் தட்டின் பலவீனமான பாட்டு. ஆனாலும் ஏறத்தாழ 39 நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பன்னிரண்டு பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கும்போது, 1963ஆம் ஆண்டின் வானொலியைக் கேட்ட உணர்வுதான் எனக்கு மிஞ்சுகிறது.

அதற்குக் காரணம் பாடல்களின் கட்டுமானம் என்று நினைக்கிறேன். முதல் பாட்டான ‘ஹேங்கிங் ஆன் தி டெலிபோன்’ இரண்டரை நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. தொலைபேசி மணி ஒலிக்கிறது. முன்னிசை எதுவும் இல்லாமல், பொறுமை இழந்த ஒரு பெண்ணின் குரல் நேராக உள்ளே வந்துவிடுகிறது. கேட்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்புவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இருக்கிறது. அந்த அவசரம் பங்க் இசைக்கும் உண்டுதான், ஆனால் அதற்கு முன்பே ஒற்றைப் பாட்டுக்காக விற்ற சிங்கிள் தட்டுகளின் காலத்துப் பாப் இசைக்கு அது தொழில் இலக்கணமாகவே இருந்தது. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

நீங்கள் கட்டுமானம் என்று சொல்வதற்கு ஒரு கொத்தனார் இருக்கிறார், நண்பரே. இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர் மைக் சாப்மன்.

ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, நிக்கி சின்னுடன் சேர்ந்து ஸ்வீட், மட், சூசி குவாட்ரோ ஆகியோருக்கு 1970களின் முதற்பாதியில் வரிசையாக வெற்றிப் பாடல்களைக் கொடுத்தவர் அவர். 1978 ஜூனில் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளாண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பிளாண்டி நுழைந்தபோது, இசைத்தட்டு நிறுவனம் இந்த ஆல்பத்துக்கு ஆறு மாதம் ஒதுக்கியிருந்ததாகவும், சாப்மன் அதை ஏறத்தாழ ஆறு வாரங்களில் முடித்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. வேகமாக முடித்தார் என்பதால் எளிதாக விட்டுவிட்டார் என்று பொருள் அல்ல. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, குழுவினரின் வெறுப்பைச் சம்பாதித்தபடியே வேலை வாங்கினார். அதுவரை அவர்கள் மேடையில் வாசிப்பது போலவே ஒலிப்பதிவிலும் வாசித்துவிட்டுப் போகும் பழக்கம் உடையவர்கள்.

ஆகவே நீங்கள் 1963 என்று கேட்பது, உண்மையில் 1973இன் லண்டனில் பகட்டு உடையோடு பாடிய கிளாம் பாப்பாக இருக்கலாம். கை தட்டத் தூண்டும் தாளமும் கூச்சமில்லாமல் திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் சாப்மனின் கைவரிசை. பிளாண்டியின் பழைய பாப் மோகம் என்று அதற்குப் பெயர் வைப்பது, சமைத்தவரை விட்டுவிட்டுப் பரிமாறியவரைப் புகழ்வது போல இருக்கிறது.

புதுவை வாசகி எழுதியது:

நான் இருவரோடும் உடன்படவில்லை. மூன்றாவது ஆல்பத்தில் பழைய பாப் ஒளிந்திருக்கவில்லை. அது துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. அதை உயிரோடு கேட்க வேண்டுமானால் 1976இல் வந்த முதல் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும்.

முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்த ரிச்சர்ட் காட்டெரர் யார் என்பதை இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. 1963இல் தி ஏஞ்சல்ஸ் என்ற பெண்கள் குழு பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘மை பாய்ஃபிரெண்ட்ஸ் பேக்’ பாட்டை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். அதே முதல் ஆல்பத்தில் ‘இன் தி ஃப்ளெஷ்’ பாட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர்களில் எல்லி கிரீனிச் இருக்கிறார். ரொனெட்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய ‘பி மை பேபி’யை எழுதியவர்களில் ஒருவர் அவர். பழைய பாப்பை நினைவூட்டும் ஒலி வேண்டும் என்று விரும்பிய குழுவுக்கு, அந்தப் பழைய பாப்பை உண்டாக்கிய மனிதர்களே வந்து கூடப் பாடியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அங்கீகாரம் என்ன வேண்டும்?

அந்த ஆல்பத்தில் ஜிம்மி டெஸ்ட்ரி வாசிக்கும் ஃபார்ஃபிசா என்ற மின் ஆர்கனைக் கவனித்துக் கேளுங்கள். கொஞ்சம் மூக்கால் பாடுவது போன்ற மலிவான ஒலி அது. 1960களில் காரேஜில் ஒத்திகை பார்த்த ஆயிரம் பையன்களின் ஒலி. மூன்றாவது ஆல்பத்தில் சின்தசைசர்கள் முன்னுக்கு வர, அந்த ஆர்கன் ஓரத்துக்குப் போய்விடுகிறது. எல்லாமே பளபளப்பாக இருக்கிறது. எனக்கு அந்தப் பளபளப்புதான் இடிக்கிறது.

அடிகணக்கு எழுதியது:

நான் பத்தாண்டுகளுக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது, பிளாண்டியின் டிரம்மர் கிளெம் பர்க். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாட்டோடு நின்றுவிட்டன. அவருடைய குருமார்கள் இரண்டு பேர் என்று சொல்லலாம். ஒருவர் தி ஹூ குழுவின் கீத் மூன். இன்னொருவர் ஹால் பிளைன், ‘பி மை பேபி’யின் தொடக்கத்தில் அந்தப் புகழ்பெற்ற அடியை அடித்த கை. மூன் பாட்டின் மேலேயே ஏறி ஓடுவார்; பிளைன் பாட்டுக்கு அடியில் நின்று தாங்குவார். பர்க்கின் வாசிப்பில் இந்த இரண்டு குணமும் மாறி மாறி வரும். ‘ஹேங்கிங் ஆன் தி டெலிபோன்’ மூன் பக்கம் சாய்ந்தது. ‘சண்டே கேர்ள்’ பாட்டில் அவர் கிட்டத்தட்ட எதுவுமே செய்வதில்லை என்று முதல் முறை கேட்பவருக்குத் தோன்றும், ஆனால் அப்படிச் சும்மா இருப்பது போல வாசிக்க எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்பது குச்சி பிடித்தவர்களுக்குத் தெரியும். அந்த அடக்கத்தைத்தான் நான் இந்த ஆல்பத்தின் பழைய பாப் என்று சொல்வேன்.

இரண்டாவது, ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’. ரோலண்ட் சி.ஆர்.-78 என்ற சிறிய தாளப் பெட்டியை ஓடவிட்டு, அதன் மேல் பர்க்கின் டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். பேஸ் டிரம்மை மட்டும் தனியாகப் பாட்டு முழுவதும் மிதித்து முடிக்க வேண்டும், மற்றவை பிறகு. பெட்டியின் தாளத்தோடு ஒரு மயிரிழைகூட விலகாமல் மனிதன் வாசிப்பது எவ்வளவு சிரமம் என்பதைக் காதில் கணக்கு ஒலிக்கும் கிளிக் டிராக் வைத்து வாசித்துப் பழகியவர்களிடம் கேளுங்கள். மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கும் டிஸ்கோ பாடிய பீ ஜீஸும்தான் அந்த அடிக்குத் தூண்டுதல் என்று பர்க்கே சொல்லியிருக்கிறார். அங்கே 1963 எதுவும் இல்லை.

ஒரு சின்னக் குறும்பு மட்டும் இருக்கிறது. பாட்டின் நீண்ட வடிவத்தில், இடையிசை போய்க்கொண்டிருக்கும்போது நான்கு நான்காக வந்த கணக்கில் திடீரென்று ஒரு அடி குறையும். ஆடிக்கொண்டிருப்பவரின் கால் அந்த இடத்தில் தடுமாறும். டிஸ்கோவில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ராக் குழு ஒன்று விருந்துக்கு வந்த வீட்டில் கோலத்தை லேசாக மிதித்துவிட்டுப் போன மாதிரி எனக்கு அது தோன்றும்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

வாசகி அம்மையாருக்கு ஒரு வரி. முதல் ஆல்பம் அவ்வளவு உயிரோடு இருந்தது என்றால், ஆஸ்திரேலியாவைத் தவிர வேறெங்கும் அது ஏன் எடுபடவில்லை? பாரலல் லைன்ஸ் இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு முழுவதிலும் மிக அதிகமாக விற்ற ஆல்பம்.

புதுவை வாசகி எழுதியது:

விற்பனைக் கணக்கு இசைக்குச் சான்றாகாது. உங்கள் வாதத்தின்படி பார்த்தால் இந்த இழையே தேவையில்லை, கடைக்காரரிடம் கேட்டுவிடலாம்.

ஹட்சன் கரை எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். பழைய பாப், பழைய பாப் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். யாருக்குப் பழையது என்று கேட்க வேண்டும்.

டெபி ஹாரி பிறந்தது 1945இல். அவர் வளர்ந்த ஹாதார்ன் நான் இப்போது குடியிருக்கும் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நியூஜெர்சியின் அமைதியான சிற்றூர்களில் ஒன்று. 1963இல், அதாவது ஏஞ்சல்ஸும் ரொனெட்ஸும் வானொலியை ஆண்ட ஆண்டில், அவருக்குப் பதினெட்டு வயது. பாரலல் லைன்ஸ் வெளிவந்தபோது முப்பத்து மூன்று. குழுவின் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்டைன் 1950இல் பிறந்தவர். கிளெம் பர்க் 1954. ஒரே குழுவுக்குள் அந்தப் பாடல்கள் மூன்று விதமாக ஒலித்திருக்க வேண்டும். ஹாரிக்கு அவை சொந்த இளமை. ஸ்டைனுக்குப் பள்ளிப் பருவத்தின் பின்னணி. பர்க்குக்கோ தேடித் தேடிச் சேகரித்த தட்டுகள். மூன்றையும் ஒரே சொல்லால் பழமை மோகம் என்று அழைத்தால், இந்த இசையில் இருக்கும் இழுபறி நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சாப்மனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாண்டி உருவாவதற்கு முன்னால் ஹாரி பாடிக்கொண்டிருந்த குழுவின் பெயர் ஸ்டிலெட்டோஸ். மூன்று பெண்கள் முன்னால் நின்று பாடும் குழு. ஸ்டைன் அதில் கிட்டார் வாசிக்கத்தான் முதலில் வந்தார். பின்னர் 1975இல், எந்த நிறுவனமும் ஏறெடுத்துப் பார்க்காத நிலையில், பிளாண்டி சில பாடல்களை டெமோவாகப் பதிவு செய்தது. அவற்றில் ஒன்று, குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த ஷாங்ரி-லாஸ் என்ற பெண்கள் குழு 1960களில் பாடிய ‘அவுட் இன் தி ஸ்ட்ரீட்ஸ்’. இன்னொன்று ‘ஒன்ஸ் ஐ ஹாட் எ லவ்’. குழுவினர் தங்களுக்குள் அதை ‘டிஸ்கோ பாட்டு’ என்றே அழைத்தார்கள். மூன்றாண்டுகள் கழித்து ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ என்று பெயர் மாறி உலகைச் சுற்றி வந்தது அந்தப் பாட்டுதான்.

சாப்மன் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஒரே டெமோ நாடாவில், அடுத்தடுத்து, பெண்கள் குழுப் பாப்பும் டிஸ்கோவும் இருந்திருக்கின்றன. ஒன்றை உண்மையான பிளாண்டி என்றும் மற்றதை விலைபோன பிளாண்டி என்றும் பிரிப்பவர்கள் இந்த நாடாவை ஒருமுறை கேட்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பவரி தெருவில் பங்க் குழுக்கள் பாடிய சி.பி.ஜி.பி. கிளப்பில் நின்றுகொண்டு டிஸ்கோ பாட்டு என்று அறிவித்துவிட்டுப் பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1978 மே மாதம் அதே கிளப்பில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் அவர்கள் டிஸ்கோ பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டையும் பாடியிருக்கிறார்கள். ஆல்பத்தின் ஒலிப்பதிவு தொடங்கியது அதற்கு அடுத்த மாதம்.

புதுவை வாசகி எழுதியது:

டெமோ நாடா பற்றிய தகவலுக்கு நன்றி. நான் துடைத்து எடுக்கப்பட்டது என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஒலியில் துடைக்கப்பட்டது என்பதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் பதிவைப் படித்த பிறகு பாடல் வரிகளோடு உட்கார்ந்து மறுபடி கேட்டேன். வரிகளில் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

1960களின் பெண்கள் குழுப் பாடல்களில் பெண் காத்திருப்பாள். அவன் வருவான், வரமாட்டான், வந்தால் உனக்கு இருக்கிறது என்பாள். எதுவானாலும் சன்னலோரத்தில் நின்றபடிதான் சொல்வாள். ‘டெனிஸ்’ பாட்டிலேயே ஹாரி இதைக் குலைக்கத் தொடங்கிவிட்டார். மூலப் பாட்டு, டெனிஸ் என்ற பெண்ணைப் பார்த்து ஆண்கள் ஏங்கிப் பாடியது. ஹாரி அந்தப் பெயரை ஆணின் பெயராக்கி, நடுவே பிரெஞ்சு வரிகளையும் சேர்த்து, ஏங்குபவரின் இடத்தில் தானே போய் நின்றுகொண்டார். மூன்றாவது ஆல்பத்தின் ‘ஒன் வே ஆர் அனதர்’ பாட்டில் அது முழுமையாகத் தலைகீழாகிவிட்டது. அதில் பாடும் பெண் உன்னைத் தேடுவேன், பின்தொடர்வேன், பிடிப்பேன் என்கிறாள். ஹாரியின் சொந்த வாழ்வில் நடந்தது இதற்கு எதிரானது. பிரிந்துபோன காதலர் ஒருவர் அவரை விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்தியதால் அவர் நியூஜெர்சியை விட்டே போக நேர்ந்தது. அந்த மனிதரின் வாசகங்களை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே பாடுகிறார்.

2013இல் ஒன் டைரக்ஷன் என்ற பாப் குழுவின் பையன்கள் இதே பாட்டைத் தொண்டு நிகழ்ச்சிக்காகப் பாடினார்கள். என் அக்காள் மகள் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறாள். மூலத்தைப் போட்டுக் காட்டியபோது, சித்தி, இது பயமாக இருக்கிறது என்றாள். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று மகிழ்ந்தேன்.

இன்னொன்று. பெண்கள் குழு என்றால் மூன்று குரல், நான்கு குரல்; ஒருத்தி புலம்ப மற்றவர்கள் அவளுக்கு ஆறுதல் சொல்வார்கள், அல்லது நக்கல் செய்வார்கள். இங்கே பல இடங்களில் ஹாரியின் குரலையே அடுக்கடுக்காகப் பதித்துக் கோரஸ் ஆக்கியிருக்கிறார்கள். தோழிகள் இல்லை, அவரே தனக்குத் தோழியாக இருக்கிறார். அட்டைப்படத்திலும் அதே தனிமைதான். கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு முன்னால், 1960களின் இசைக்குழுக்களைப் போல ஒரே மாதிரிக் கறுப்பு உடையும் ஒடுங்கிய டையும் அணிந்த ஐந்து ஆண்கள் சிரிக்கிறார்கள். நடுவில் வெள்ளை உடையில் நிற்கும் ஹாரி சிரிக்கவில்லை. மேலாளர் தேர்ந்தெடுத்த அந்தப் படம் குழுவுக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

தட்டுச்சேகரன் எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் தோல்வியை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். கட்டுமானம் என்று நான் சொன்னது பாதிதான். வாசகி அம்மையார் சொன்ன அந்தக் குரலின் இடமாற்றத்தை நான் கவனிக்கவே இல்லை.

பட்டி ஹாலி பாட்டு ஏன் எனக்குப் பலவீனமாகப் பட்டது என்பது இப்போது புரிகிறது. அதில் எந்த இடமாற்றமும் நடக்கவில்லை. பழைய பாட்டை வேகமாகவும் சத்தமாகவும் பாடியதோடு சரி. 1957இல் நியூமெக்சிகோ மாநிலத்தின் குளோவிஸ் ஊரில் ஹாலி அதைப் பதிவு செய்தபோது, எங்கிருந்தோ புகுந்த சிள்வண்டு ஒன்றின் ஒலி பாட்டின் முடிவில் பதிவாகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஹாலியின் குழுவுக்குக் கிரிக்கெட்ஸ், அதாவது சிள்வண்டுகள், என்று பெயர் என்பதால் யாருக்கும் அதை நீக்க மனம் வந்திருக்காது. பிளாண்டியின் வடிவத்தில் அப்படி ஒரு வண்டுக்கு இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், ஹாலியின் வாழ்க்கை திரைப்படமாக வந்திருந்த அந்த ஆண்டில், அமெரிக்க நிறுவனம் இந்தப் பாட்டைத்தான் ஆல்பத்தின் முதல் சிங்கிளாக வெளியிட்டது. அது தரவரிசையிலேயே ஏறவில்லை. அதே ஆல்பத்தின் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ 1979 ஏப்ரலில் அங்கே முதலிடத்துக்குப் போனது. பழைய பாப்பை அப்படியே எடுத்து வைத்தால் 1978இன் அமெரிக்கா வாங்கத் தயாராக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘ஹேங்கிங் ஆன் தி டெலிபோன்’ இதற்கு நேர் எதிர். கேட்டால் 1960களின் பாட்டு என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும், ஆனால் அது வெறும் இரண்டு வயதுப் பாட்டு. தி நெர்வ்ஸ் என்ற சிறிய குழு 1976இல் வெளியிட்டது. எழுதியவர் ஜாக் லீ. பிளாண்டியின் ரசிகர் மன்றத்தை அமெரிக்காவில் நடத்திக்கொண்டிருந்த ஜெஃப்ரி லீ பியர்ஸ், பின்னாளில் தி கன் கிளப் குழுவைத் தொடங்கியவர், அதை நாடாவில் பதிந்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு அழைப்பு வந்த நாளில், கட்டணம் கட்டாததால் தன் வீட்டு மின்சாரமும் தொலைபேசியும் அன்று மாலை துண்டிக்கப்பட இருந்தன என்று ஜாக் லீ பேட்டியில் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் காத்துக் கிடப்பதைப் பற்றிய பாட்டு!

நள்ளிரவு வானொலிக்கு: சாப்மனின் பங்கை நான் மறுக்கவில்லை. பாட்டின் முன்னால் தொலைபேசி மணியை வைக்கும் யோசனை அவருடையதுதான். ஆனால் அந்த மணிக்குப் பிறகு வரும் குரலை அவர் உண்டாக்கவில்லை.

நள்ளிரவு வானொலி எழுதியது:

அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதே ஆல்பத்தின் ‘ஃபேட் அவே அண்ட் ரேடியேட்’ பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார், மெதுவாக நகரும் டிரம்ஸ், தொலைக்காட்சியின் வெளிச்சத்தில் தெரியும் பழைய திரை முகங்கள், முடிவில் எங்கிருந்தோ வந்து சேரும் ஜமைக்காவின் ரெகே தாளம். உங்கள் 1963 வானொலிக் கதைக்குள் இந்தப் பாட்டு எங்கே உட்காரும்?

தட்டுச்சேகரன் எழுதியது:

உட்காராது. அதனால்தான் நான் அதைத் தொடவில்லை.

அடிகணக்கு எழுதியது:

வினைல் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆல்பத்தின் பிரதிகள் இரண்டு விதமாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சிலவற்றில் ஆறு நிமிடத்தை நெருங்கும் நீண்ட வடிவம் இருக்கும். நான் சொன்ன அந்தக் குறையும் அடியைக் கேட்க நீண்ட வடிவம்தான் நல்லது. உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

புதுவை வாசகி எழுதியது:

என் தட்டின் நடு லேபிளில் 5:50 என்று அச்சாகியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இப்போதுதான் முதல் முறையாக அதைப் படிக்கிறேன்.

இரண்டு முறை போட்டுக் கேட்டேன். முதல் முறை விரல் விட்டு எண்ணியும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்து நின்று கேட்டேன். ஐயா சொன்ன இடத்தில் கால் தடுமாறியது.